அட்டவணையில் இல்லாத சுவடி

தஞ்சாவூர் சரசுவதி மகாலில் எத்தனை சுவடிகள் இருக்கின்றன? கேட்கும் இடத்தைப் பொறுத்துப் பதில் மாறும். 49,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். அச்சு நூல்களையும் சேர்த்து 60,000க்கு மேல் என்று எழுதுவோரும் உண்டு. மொழிவாரியாகத் தரப்படும் கணக்கில் வடமொழி ஏறத்தாழ 39,000, தமிழ் 3,500, மராத்தி 3,000 சொச்சம், தெலுங்கு 800 சொச்சம். கூட்டிப் பாருங்கள், 49,000 வராது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எதை ஒன்று என்று எண்ணுவது என்பதில்தான் சிக்கல். ஓலைச் சுவடிகளில் ஒரே கட்டில் நான்கு நூல்கள் கோத்திருக்கும். ஒரே நூல் மூன்று கட்டுகளில் பிரிந்து கிடக்கும். தலையும் வாலும் இல்லாத பத்து ஏடுகள் தனியே ஓர் உறைக்குள் இருக்கும். கட்டை எண்ணினால் ஒரு தொகை, நூலை எண்ணினால் இன்னொரு தொகை, உதிரி ஏடுகளையும் சேர்த்தால் வேறொரு தொகை.

பழைய நூலகங்களைப் பற்றி நாம் எழுதுபவை பெரும்பாலும் இந்த எண்ணோடு நின்றுவிடுகின்றன. மன்னர் பெயர், சுவடித் தொகை, கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் அபூர்வம் ஒன்றிரண்டு, அவ்வளவுதான். இந்தக் கட்டுரை கேட்பது வேறு. ஒரு சுவடி ஒரு நூலகத்தில் இருக்கிறது என்று எப்போது சொல்லலாம்? சரசுவதி மகாலின் வரலாற்றைத் தொடர்ந்து பார்க்கிறவருக்கு, அங்கே சுவடிகளைக் காத்ததில் பூட்டைவிட அட்டவணைக்குப் பங்கு அதிகம் என்று தோன்றும். அட்டவணை போட்டவர் கண்ணில் பட்டது உலகத்துக்குத் தெரிந்தது. படாதது அதே அலமாரியில் இருந்தும் ஒருவருக்கும் பயன்படவில்லை.

நூலகத்தின் தொடக்கத்தைத் தஞ்சை நாயக்கர் காலத்தில் வைப்பது வழக்கம். அரண்மனைக்குள் ‘சரசுவதி பண்டாரம்’ என்ற பெயரில் ஏட்டுச் சேமிப்பு இருந்தது. இரகுநாத நாயக்கர் தாமே தெலுங்கில் எழுதியவர். அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதர்; தீட்சிதரின் மகன் வேங்கடமகி. 72 மேளங்களின் கணக்கை வகுத்த ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’ அந்த வேங்கடமகியின் நூல். கருநாடக இசையின் இலக்கணம் இந்த அரண்மனையின் நிழலில் எழுதப்பட்டது என்பது மிகையில்லை. 1673இல் நாயக்கர் ஆட்சி போரில் முடிந்தது. சில ஆண்டுகளில் மராட்டியரான ஏகோஜி தஞ்சையைப் பிடித்தார். அரசு கைமாறும்போது பண்டாரம் கொள்ளை போவது உலக வழக்கம். தஞ்சையில் புதிதாக வந்தவர்கள் தங்கள் மொழியையும் அதே பண்டாரத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஏகோஜியின் மகன் சாகஜி காலத்தில் ‘பஞ்சபாஷா விலாசம்’ என்றொரு நாடகம் எழுந்தது. பெயருக்கேற்ப ஐந்து மொழிகளில் பாத்திரங்கள் பேசும் நாடகம் அது. மொழிவாரியாக அட்டவணை போடுகிறவர் இதை எந்த மொழித் தொகுதியில் சேர்ப்பார்? தஞ்சை அரண்மனை வாழ்ந்த விதமும் பின்னாளில் நூலகத்தைப் பிரித்த விதமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதற்கு இந்த ஒரு நூலே போதும்.

இன்று நாம் பார்க்கும் நூலகத்துக்கு உருவம் கொடுத்தவர் இரண்டாம் சரபோஜி (1777–1832). 1798இல் பட்டத்துக்கு வந்தார். மறு ஆண்டே ஒப்பந்தம் ஒன்றின்படி நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போயிற்று. கோட்டையும் உதவித்தொகையும் பட்டப்பெயரும் மிஞ்சின. ஆட்சி போன ஏக்கத்தைப் புத்தகத்தில் தீர்த்துக்கொண்டார் என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. பட்டத்துக்கு வருமுன்பே சுவார்ட்ஸ் பாதிரியாரிடமும், சென்னையில் கெரிக்கேயிடமும் படித்தவர் அவர். படிப்பு முதலில் வந்தது, பதவி இழப்பு பிறகு. இழப்பு அவருக்கு நேரத்தைக் கொடுத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அந்த நேரத்தில் அவர் செய்தவை பல. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இலத்தீன் முதலிய ஐரோப்பிய மொழிகளில் 4,000க்கு மேற்பட்ட அச்சு நூல்களை வரவழைத்தார். 1820 வாக்கில் காசிக்குப் போனபோது அங்கே பண்டிதர்களை அமர்த்தி வடமொழிச் சுவடிகளைப் படியெடுக்கச் செய்து கொண்டுவந்தார். அரண்மனைக்குள் தேவநாகரி எழுத்தில் அச்சுக்கூடம் வைத்தார். ஈசாப்புக் கதைகள் மராத்தியில் அங்கே அச்சேறின. பூகோளம் கற்பிக்க ‘தேவேந்திர குறவஞ்சி’ என்ற மராத்தி நாடகத்தை எழுதினார். குறத்தி மலைவளம் சொல்வது நமக்குப் பழக்கம். இவருடைய குறத்தி உலகத்து நாடுகளை வரிசையாகச் சொல்கிறாள். 1826இல் தஞ்சைக்கு வந்த பிஷப் ஹீபர், இந்த மன்னர் லவாய்சியரையும் லின்னேயஸையும் பற்றிச் சரளமாகப் பேசுவதைக் கேட்டு வியந்து எழுதினார். லவாய்சியரின் வேதியியல் நூல் அரண்மனை அலமாரியில் இருந்தது என்பதை அறிந்தவருக்கு அந்த வியப்பு வராது.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சின்னப் பழக்கம். தம் கைக்கு வந்த ஐரோப்பிய நூல்களில் சரபோஜி கையெழுத்துப் போட்டு வைத்தார். அது உடைமைப் பெருமையாகக்கூட இருக்கலாம். பதிந்து வைப்பதில் அவருக்கு இருந்த வேட்கைக்குப் பெரிய கோயில் சுவரே சாட்சி. போன்ஸ்லே வம்சத்தின் கதை முழுவதையும் 1803இல் அங்கே கல்லில் வெட்டி வைத்தவர் அவர். ஆனால் நூலில் போட்ட அந்தக் கையெழுத்து பின்னாளில் வேறொரு வேலை செய்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1855இல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். வாரிசில்லாத அரசுகளைக் கும்பினியோடு சேர்த்துக்கொள்ளும் டல்ஹவுசியின் கொள்கைப்படி தஞ்சை அரசு மறைந்தது. நூலகம் அரச குடும்பத்தின் சொத்தாக, உரிமை வழக்குகளின் நடுவே கிடந்தது. அந்தக் காலத்தில்தான் ஏ. சி. பர்னெல் வருகிறார். சென்னை மாகாணத்து சிவில் அதிகாரி, தஞ்சையில் நீதிபதி, தென்னிந்திய எழுத்துகளின் வரலாற்றை 1874இல் நூலாக எழுதியவர், பிறகு யூலுடன் சேர்ந்து ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியைத் தொகுத்தவர். அரண்மனையின் வடமொழிச் சுவடிகளைப் பொருள்வாரியாகப் பிரித்து அவர் செய்த அட்டவணை 1880இல் லண்டனில் வெளிவந்தது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குத் தஞ்சாவூர் என்ற பெயர் அந்த நூலின் வழியாகவே போய்ச் சேர்ந்தது. இரண்டே ஆண்டில், தமது நாற்பத்திரண்டாம் வயதில் பர்னெல் இறந்துபோனார்.

பர்னெல் செய்தது பெரிய காரியம். அதன் விளைவு ஒருபக்கமாக அமைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் வடமொழியை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆகவே தஞ்சை வடமொழி நூலகம் என்று பெயர் பெற்றது. மராத்தியும் தெலுங்கும் தமிழும் அட்டவணைக்காகக் காத்திருந்தன.

1918 அக்டோபர் 5 இந்த வரலாற்றில் முக்கியமான நாள். அரச குடும்பத்தினர் நூலகத்தைப் பொதுமக்களுக்கென விட்டுக்கொடுத்தார்கள். ஒரு லட்சம் ரூபாய் மூலதனத்துடன் அது அறக்கட்டளையாயிற்று. 1928 முதல் 1934 வரை பி. பி. எஸ். சாஸ்திரி வடமொழிச் சுவடிகளின் விளக்க அட்டவணையை 19 தொகுதிகளாகக் கொண்டுவந்தார். தமிழ்ச் சுவடிகளுக்கு எல். உலகநாத பிள்ளை விளக்க அட்டவணை தயாரித்தார். 1939இல் நூலகத்தின் பருவ இதழ் தொடங்கி, அதன் வழியாகவும் தனி வெளியீடுகளாகவும் சுவடிகள் அச்சுக்கு வரலாயின. 1983இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதி கிடைத்தது.

வெறும் பெயர்ப்பட்டிக்கும் விளக்க அட்டவணைக்கும் உள்ள தூரத்தை வெளியிலிருப்பவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பெயர்ப்பட்டியில் எண்ணும் தலைப்பும் இருக்கும். விளக்க அட்டவணையில் ஓலையா தாளா, நீள அகலம், ஏட்டின் தொகை, பக்கத்துக்கு எத்தனை வரி, எந்த எழுத்து, பூச்சி அரித்திருக்கிறதா, முழுமையா குறையா என்பதோடு, நூலின் முதல் வரிகளும் இறுதி வரிகளும் அப்படியே எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் தம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் கடைசி ஏட்டில் குறித்திருந்தால் அதுவும் வரும். வடமொழி நூலே கிரந்தத்திலும் தெலுங்கிலும் தேவநாகரியிலும் நந்திநாகரியிலும் எழுதப்பட்டிருக்கும் ஊரில் இது எளிதான வேலை இல்லை. தமிழ் ஓலையிலோ புள்ளி வைக்கும் பழக்கம் கிடையாது. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். ஏட்டை வாசிக்கத் தெரிந்தவர் நிதானமாக உட்கார்ந்தால்தான் ஒரு கட்டுக்கு ஒரு பக்கம் விவரம் எழுத முடியும். ஆனால் முதல் வரியும் கடைசி வரியும் அச்சில் வந்துவிட்டால் அந்தச் சுவடிக்கு அடையாளம் வந்துவிட்டது. வேறொரு நாட்டில் வேறொரு பெயரில் அது தலைகாட்டினாலும் கண்டுபிடித்துவிடலாம்.

தமிழ் வாசகர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி, தஞ்சாவூரில் தமிழ்ச் சுவடி ஏன் இவ்வளவு குறைவு என்பது. சோழ மண்டலத்தின் தலைநகரில் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வன்மம் எதையும் தேட வேண்டியதில்லை. அரண்மனை நூலகம் அரண்மனை பேசிய மொழிகளைச் சேர்த்தது. நாயக்கர் அவையில் தெலுங்கும் வடமொழியும், மராட்டியர் அவையில் அவற்றோடு மராத்தியும். தமிழ் ஏடுகள் திருவாவடுதுறை போன்ற ஆதீனங்களிலும், கவிராயர் வீடுகளிலும், வைத்தியர் பரண்களிலும் இருந்தன. உ. வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தபோது ஏடு தேடி அலைந்தது பெரும்பாலும் மடங்களிலும் வீடுகளிலும்தான். பழந்தமிழ் இலக்கியம் சரசுவதி மகாலால் பிழைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் குறையொன்றும் இல்லை.

இருக்கும் தமிழ்ச் சுவடிகளில் வளமானது மருத்துவம். சரபோஜி தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தினார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய முறை எல்லாவற்றுக்கும் அங்கே இடம் இருந்தது. அங்கே கைகண்ட முறைகள் செய்யுளாகத் தொகுக்கப்பட்டு, ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்ற வரிசையில் நோய்வாரியாக நூலகத்தால் வெளியிடப்பட்டுள்ளன. கண்நோயாளிகளைப் பற்றிய குறிப்பேடுகள் இன்னும் சுவையானவை. நோயாளியின் விவரம், கண்ணின் படம், செய்த சிகிச்சை, பலன் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் காலத்துக் கண் மருத்துவர்கள் இந்தத் தாள்களை ஆராய்ந்து மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். அரண்மனைச் சமையலைச் சொல்லும் ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்ற மராத்திச் சுவடியும் தமிழில் அச்சாகியிருக்கிறது. நூலக விற்பனைப் பகுதியில் வைத்திய நூலுக்கும் பாகசாஸ்திரத்துக்கும் இருக்கும் கிராக்கி அலங்கார சாஸ்திரத்துக்கு இருக்காது என்று ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை.

சுவடியின் ஆயுளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனையோலையோ தாளிப்பனையோலையோ எதுவானாலும், நம் ஊர் வெக்கைக்கும் மழைக்கும் பூச்சிக்கும் நடுவில் இருநூறு முந்நூறு ஆண்டு நிற்பது பெரிது. எழுத்தாணிக் கீறலில் விளக்குக்கரி தடவினால் எழுத்து தெளியும். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினால் ஓலை நெகிழ்வு பெறும். வசம்பு பூச்சியைத் தள்ளி வைக்கும். இவையெல்லாம் மரணத்தைத் தள்ளிப்போடும் வழிகள். உண்மையான காப்பு படியெடுப்புதான். ஓலை நைந்துபோகும் முன் இன்னொருவர் புதிய ஓலையில் எழுதி முடிக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய நூல் நம் கையில் இருக்கிறதென்றால், ஐந்தாறு தலைமுறை எழுத்தர்கள் அதைச் சலிக்காமல் படியெடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அச்சு வந்ததும் அந்தத் தொழில் நின்றுபோயிற்று. அச்சேறிய நூல்களுக்கு அதனால் இழப்பில்லை. அச்சேறாத நூல்களுக்கோ கடைசிப் படியே ஒரே படியாகிவிட்டது. இன்று சுவடி நூலகங்களில் நாம் காப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படிகளைத்தான்.

இனி அந்தக் கையெழுத்து. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியாரின் அச்சகத்தில் 1715இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் பிரதி ஒன்று சரசுவதி மகாலின் காட்சிக்கூடத்தில் இருந்தது; சரபோஜி கையெழுத்திட்ட பிரதி. 2005 அக்டோபரில் அது காணாமல் போனது. வழக்குப் பதிவாயிற்று, துப்புக் கிடைக்காமல் மூடப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து வழக்கைக் கையிலெடுத்த சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு, உலகெங்கும் உள்ள சேகரிப்புகளின் இணையப் பக்கங்களைத் துழாவி, லண்டனில் ஒரு சேகரிப்பில் அந்த நூல் இருப்பதாக 2022இல் அறிவித்தது. ஒரு நூல் அச்சில் நூற்றுக்கணக்கில் வந்திருக்கும். அவற்றுள் இன்னது தஞ்சையுடையது என்று அடையாளம் காட்ட மன்னர் போட்ட மைக்கோடு வேண்டியிருந்தது. இதே நூலகத்துக்குரியது என்று அதே பிரிவு கண்டறிந்த இன்னொரு பொருள் சரபோஜியும் அவர் மகனும் உள்ள ஓர் ஓவியம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகம் அதை 2006இல் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து வாங்கி, 2015இல் அமெரிக்க அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. இரண்டு நிகழ்ச்சிகளிலும் களவு போனவை காட்சிப் பொருள்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே கட்டுகளில் இருக்கும் ஏட்டை யாராவது எடுத்துப்போனால் நமக்கு எப்போது தெரியும்? அட்டவணையை வைத்துக்கொண்டு கட்டுக் கட்டாகச் சரிபார்க்கும் அன்றுதான். இருப்புச் சரிபார்ப்பு நூலகங்களில் வேண்டா வெறுப்பான வேலை; யாரும் வந்து நாடா வெட்டித் தொடங்கி வைக்க மாட்டார்கள்.

காட்சிக்கூடத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம். சுற்றுலாவாக அரண்மனை பார்க்க வருகிறவர்களுக்குச் சரசுவதி மகால் என்றால் அந்தக் கூடம்தான். மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிட்டுப் பிரெஞ்சு ஓவியர் லெ புருன் வரைந்தவற்றின் படங்கள், சீனத்துத் தண்டனைகளைக் காட்டும் வண்ணப் படங்கள் ஆகியவற்றின் முன்தான் கூட்டம் நிற்கும். ஓலைக்கட்டு ஒன்றிரண்டு ஓரமாக இருக்கும், கடந்து போவார்கள். நூலகத்தின் உயிர் எதுவோ அது பார்ப்பதற்குச் சலிப்பானது. எழுத்தாணியால் எழுதிக் காட்டுவது, சுவடி வாசிப்புப் பயிற்சி, பதிப்பித்த நூலின் வெளியீடு போன்றவை நடக்கும் நாள்களில்தான் கட்டுகளுக்கும் மக்களுக்கும் ஒரு தொடர்பு உண்டாகிறது. அத்தகைய நாள்களைக் கூட்டலாம். அபூர்வப் பொருளை அடிக்கடி வெளியே எடுத்து வைப்பதைக் குறைக்கலாம். வெளிச்சமும் ஈரமும் தாளைத் தின்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

படமெடுத்துக் காக்கும் வேலையும் பல காலமாக நடக்கிறது. இந்திரா காந்தி தேசியக் கலை மையம் தஞ்சைச் சுவடிகளை நுண்படச் சுருளில் பதிந்தது. 2003இல் தேசியச் சுவடி இயக்கம் தொடங்கியபின் மின்படம் எடுப்பது பெருகிற்று. படியெடுக்கும் எழுத்தரின் இடத்துக்கு நிழற்படக் கருவி வந்தது என்று சொல்லலாம். பழைய எழுத்தர் வாசித்துக்கொண்டே எழுதினார், கருவி வாசிப்பதில்லை. ஆகவே எடுத்த படத்துக்கு விவரம் எழுத மறுபடியும் ஏடு படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். விவரம் இல்லாத லட்சம் படங்கள் இருப்பதும், கட்டவிழ்க்காத லட்சம் ஓலைகள் இருப்பதும் ஆராய்ச்சியாளனுக்கு ஒன்றுதான். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இந்த விஷயத்தில் நல்ல எடுத்துக்காட்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பு அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் பொது நிறுவனமானது. பட்டியலிடுவதும் நுண்படம் எடுப்பதும் அங்கே கைகோத்து நடந்தன. அங்குள்ளவை பெரும்பாலும் அச்சு நூல்கள் என்பதால் வேலை சற்று எளிது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அட்டவணையே எல்லாம் என்று நான் வாதிடவில்லை. 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத ஏட்டைச் சாம்பலிலிருந்து எந்தப் பட்டியலும் மீட்டுத் தராது. 2005இல் ஈழத்தில் ‘நூலகம்’ என்ற மின்னூல் திட்டத்தைத் தொடங்கியவர்கள் அந்த இழப்பை அறிந்தவர்கள். அதனால்தான் அவர்கள் படியைப் பலர் கைக்குப் போகும்படி இணையத்தில் வைத்தார்கள். தஞ்சைக்கும் இது பொருந்தும். ஒரு சுவடிக்கு விவரமும் வேண்டும், ஊருக்கு வெளியே ஒரு படியும் வேண்டும்.

விவரம் எழுதுவதில் தஞ்சையின் பெரிய பாக்கி மோடி ஆவணங்கள். மோடி என்பது மராத்தியை விரைந்து எழுதப் பயன்பட்ட கூட்டெழுத்து. தூவலைத் தூக்காமல் எழுதிப் போகலாம். அரண்மனையின் அன்றாடக் கணக்குகள் இதில்தான் உள்ளன. நாட்டியப் பெண்களுக்குக் கொடுத்த சம்பளம், ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தில் ஆன சோற்றுச் செலவு, மருந்துச் சரக்கு, புத்தகம் வாங்கிய கணக்கு, கோயிலுக்குக் கொடுத்த நெல் ஆகியவற்றைக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சையின் சமூக வரலாற்றையே எழுதலாம். காவியச் சுவடிகளுக்கு வேறு ஊர்களிலும் படி இருக்கும். இந்தக் கணக்குகளுக்கு எங்கும் படி கிடையாது. ஆவணங்கள் சரசுவதி மகாலிலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஆவணக் காப்பகத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989இல் ஒரு பகுதியைத் தமிழாக்கிக் குறிப்புரையோடு மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அதற்குப் பின் தஞ்சை மராட்டியர் பற்றித் தமிழில் எழுதியவர்கள் பலரும் அந்தத் தொகுதிகளையே அடியொற்றுகிறார்கள். மொழிபெயர்ப்பு முழுவதும் முடிய இன்னும் ஒரு தலைமுறை ஆகலாம். அதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: மூன்று இடத்து மூட்டைகளுக்கும் சேர்த்து, எந்த மூட்டையில் எந்த ஆண்டு, எந்தத் துறைக் கணக்கு என்று சொல்லும் ஒரே அட்டவணை. தமிழும் மராத்தியும் தெரிந்து மோடியும் வாசிக்கக்கூடிய நாலைந்து பேருக்கு, சில ஆண்டுகளுக்கு, ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தால் முடிகிற வேலை.